‘பால் வந்தாச்சு’க்கு ஒரே ஒரு நட்சத்திரம்

தாஷ்கண்டில் முக்லிசா முதன்முதலாகச் செய்த செயலியின் பெயர் ‘பால் வந்தாச்சு’. பால்காரர் துர்சுன் அகா தன் சைக்கிளைக் குடியிருப்பின் முற்றத்துக்குள் திருப்பியதும், தன் கீழ்த்தள வீட்டு ஜன்னலில் நிற்கும் முக்லிசா ஒரு பொத்தானை அழுத்துவாள். உடனே செயலி வைத்திருப்பவர்களின் கைபேசி மாடு போல ‘ம்மா’ என்று கத்தும்.

அருமையான யோசனைதான். ஆனால் அந்த ‘ம்மா’வைக் கேட்க ஆள் வேண்டுமே! அம்மா, அப்பா, அண்ணன் ஜாசூர், சித்தி. அவ்வளவுதான். மாடிப்படி வாசலில் ஒட்டிய விளம்பரத்தை யாரோ கிழித்துச் சூரியகாந்தி விதைக்குப் பொட்டலம் மடித்துவிட்டார்கள்.

ஒரு மாலை ஜாசூர் கத்தினான். “ஏய் முக்லிசா! உன் செயலிக்கு வெளியாள் வந்தாச்சு!”

முக்லிசா ஓடி வந்து பார்த்தாள். முகம் தொங்கிப்போனது.

ஒரே ஒரு நட்சத்திரம். அதன் கீழே, ‘பொய் சொல்லுது. போய்ப் பார்த்தா பால் இல்லை. ஸுல்ஃபியா, நாலாவது மாடி’ என்று எழுதியிருந்தது.

“போச்சு! இதைப் பார்த்துட்டு இனிமே எவன் உன் செயலியைப் போடுவான்?” என்றான் ஜாசூர். “கவலைப்படாதே. என் கூட்டாளிங்களை விட்டு அஞ்சஞ்சு நட்சத்திரம் போடச் சொல்றேன்.”

முக்லிசாவுக்கு அழுகை முட்டியது. இருந்தாலும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். “போட்டா? அந்த ஓபாவுக்குப் பால் கிடைச்சிடுமா?”

அந்த ஊரில் அண்ணன் ‘அகா’, அக்கா ‘ஓபா’. விறுவிறுவென்று நான்காவது மாடிக்கு ஏறினாள். கதவைத் திறந்த ஸுல்ஃபியா ஓபாவின் காலில் பெரிய மாவுக்கட்டு.

“என்ன, சண்டைக்கு வந்தியா?”

“இல்ல ஓபா. ஏன் பால் கிடைக்கலைன்னு கேக்க வந்தேன்.”

ஓபாவின் குரல் இறங்கியது. “உன் மாடு கத்துனதும்தான் கிளம்பறேன். இந்தக் காலை இழுத்துக்கிட்டு இறங்கறதுக்குள்ள கேன் காலி. சரி, வாசல்லயே நிக்காதே. உள்ள வந்து டீ குடி.”

டீயும் ரொட்டியும் முடிவதற்குள் முக்லிசாவுக்கு வழி பிடிபட்டது. அன்றே செயலியில் புதிதாக ஒரு பொத்தான் வைத்தாள்: ‘எனக்கு எடுத்து வையுங்க’.

காலையில் துர்சுன் அகாவின் சைக்கிளை மறித்தாள். “உங்க போன்லயும் இதைப் போட்டுக்கங்க அகா. யாருக்குப் பால் எடுத்து வைக்கணும்னு காட்டும், போற தெருவுல எல்லாம் ‘ம்மா’வையும் நீங்களே அழுத்தலாம்.”

“எனக்கெதுக்கும்மா அதெல்லாம்? தொண்டை இருக்கே!”

“உங்க தொண்டை நாலாவது மாடிக்கு எட்டுது அகா. பால்தான் எட்டலை.”

அகா வயிறு குலுங்கச் சிரித்தார். கைபேசியை நீட்டினார்.

அன்று ஸுல்ஃபியா ஓபாவின் பாலை முக்லிசாவே மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள். அகாவோ தெருத்தெருவாகப் புதுப் பாட்டே பாடத் தொடங்கிவிட்டார். “பாலே... பாலு! இறங்கி வர முடியாதவங்க ‘பால் வந்தாச்சு’ல சொல்லுங்கோ!”

கிழிக்க முடியாத விளம்பரம் அது. சில நாளில் பக்கத்துத் தெரு, அதற்கடுத்த தெரு என்று எங்கெங்கோ ‘ம்மா’ கேட்டது. யாரென்றே தெரியாதவர்கள் எல்லாம் நட்சத்திரம் போட்டார்கள்.

“உன் ஓபா மட்டும் இன்னும் ஒத்த நட்சத்திரத்துலயே நிக்கிறாங்க பாரு!” என்று ஜாசூர் கிண்டலடித்தான்.

முக்லிசா பார்த்தாள். நட்சத்திரம் ஒன்றேதான். எழுத்துதான் மாறியிருந்தது.

‘பால் நேரத்துக்கு வருது. தயிரும் வந்தா மீதி நாலு.’

முக்லிசா சிரித்துக்கொண்டே தயிருக்கு ஒரு பொத்தான் வைக்க உட்கார்ந்தாள்.