ராஜா நம்பரின் கடைசி இலக்கம்

மாம்பழம் தின்றுவிட்டுக் கை கழுவிய பிறகுதான் ஸ்வப்னாவுக்கு உறைத்தது. உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்த போன் நம்பரில் கடைசி இலக்கம் போயே போய்விட்டது!

அது அவளுடைய தோழி தமிழ்செல்வியின் அம்மா நம்பர். டெல்லியில் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் வீடுகளை இடித்துவிட்டதால் அவர்கள் அன்று காலை நகரத்தின் கோடியிலிருக்கும் நரேலாவுக்குக் குடிபோனார்கள். போகும் வழியில் லோதி ரோட்டில் ஸ்வப்னாவின் வீட்டுக்கு ஓடி வந்தாள் தமிழ்செல்வி. "ஜல்தி வாடி!" என்று அவள் அம்மா தெருவிலிருந்து கத்த, அவசரமாக ஸ்வப்னாவின் கையில் எழுதினாள்.

"நீதான் கூப்பிடணும். மறந்தே, அப்புறம் பேசவே மாட்டேன்!"

பள்ளிக்கூடமோ கோடை விடுமுறை. யாரைக் கேட்பது? ஸ்வப்னாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அம்மா, பூஜ்யத்துலேர்ந்து ஒன்பது வரைக்கும் ஒவ்வொண்ணா போட்டுப் பாக்கட்டுமா?"

"ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் தொந்தரவு பண்ணுவியா? ஒரே தடவைதான். யோசிச்சுப் பண்ணு" என்றாள் அம்மா.

ஸ்வப்னா யோசித்தாள். அவளுக்கும் தமிழ்செல்விக்கும் ஒரு விளையாட்டு உண்டு. ஆட்டோ, பஸ், தண்ணீர் டேங்கர், எதில் நம்பரைப் பார்த்தாலும் யார் முந்துவது என்று போட்டி போட்டு இலக்கங்களைக் கூட்டுவார்கள். 4851 என்றால் பதினெட்டு. ஒன்றும் எட்டும் ஒன்பது. அப்படி ஒன்பதில் முடிந்தால் அந்த எண் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். அதுதான் ராஜா நம்பர்!

"எங்கம்மா நம்பர் தொள்ளாயிரம் கோடிக்கு மேல. அதுவும் ராஜா!" என்று தமிழ்செல்வி எத்தனை தடவை பீற்றியிருப்பாள்!

கையில் மிஞ்சிய இலக்கங்களைக் கூட்டினாள் ஸ்வப்னா. நாற்பத்தைந்து. நாலும் ஐந்தும் ஒன்பது. அட, ஏற்கெனவே ராஜா! அப்படியானால் கடைசியில் பூஜ்யம் இருக்கலாம், ஒன்பதும் இருக்கலாம். போச்சுடா!

எது? பூஜ்யத்தில் முடிந்தால் அந்த எண் இரண்டாலும் வகுபடும், ஐந்தாலும் வகுபடும், பத்தாலும் வகுபடும். அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளாமல் விடுகிற ஆளா தமிழ்செல்வி?

ஸ்வப்னா சிரித்துக்கொண்டே ஒன்பதை அழுத்தினாள்.

"ஹலோ, கௌன்?" யாரென்று இந்தியில் கேட்டது தமிழ்செல்வியேதான்.

"தமிழு, நான்தான்!"

தமிழ்செல்வி மெதுவாக, "இங்க யாரையுமே தெரியல ஸ்வப்னா. எதிர் வீட்ல ஒரு பொண்ணு இருக்கா, பாத்துக்கிட்டே நிக்கறா" என்றாள்.

அது இவர்கள் இருவர் மட்டுமே ஆடிய விளையாட்டு. ஆனாலும் சொன்னாள்.

"அங்க டேங்கர் வருமில்ல? அவளைக் கூப்பிட்டு நம்பரைக் கூட்டச் சொல்லிக் குடு."

"அப்போ நீ?"

ஸ்வப்னா போகலாமா என்பதுபோல் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா தலையாட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை வரேன். மூணு பேரா ஆடலாம்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அவ தோத்துப் போனா அழக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன்!" என்றாள் தமிழ்செல்வி.