பல்லிடுக்கில் ஒரு சத்தம்

உதட்டைக் குவித்து, பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினால் ‘ச்ச்சிப்’ என்று ஒரு சத்தம் வரும். கடலோர ம்பூர் ஊரில் யார் மேலாவது எரிச்சல் வந்தால் வாய் திறந்து திட்டவே வேண்டாம். அந்தச் சத்தம் போதும். எரிச்சல் கூடக் கூட சத்தமும் நீளும்.

திங்கட்கிழமை தெருக்குழாயடியில் ஜெய்னபா அத்தை உறிஞ்சியது ரொம்பவே நீளம். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு சீகாவின் அம்மா அவருக்கு வணக்கம் சொன்னார்.

அம்மா வாளியோடு விறுவிறுவென வீடு திரும்பினார். என்ன ஆச்சு என்று சீகா கேட்டாள். ஒன்றுமில்லை என்றார் அம்மா. ஆனால் உரலில் மிளகு படாத பாடு பட்டது.

செவ்வாயும் புதனும் இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை. பத்து வயது சீகாவுக்கு வெள்ளிக்கிழமையை நினைத்துத்தான் கவலை. அன்றைக்கு இரண்டு வீடும் சேர்ந்து மீன் சோறு ஆக்குவது வழக்கம். மீன் சீகா வீட்டுடையது. பெரிய பானை அத்தையுடையது.

வியாழன் மாலை அவள் நேரே அத்தையிடம் போனாள்.

“அத்தை, குழாயடியில எங்க அம்மாவப் பாத்தா பல்ல உறிஞ்சினீங்க?”

அத்தை விழித்தார். “உங்கம்மாவையா? என் செருப்பு வாரு அறுந்துபோச்சுடி. அந்தச் செருப்பப் பாத்து உறிஞ்சினேன். நிமிந்து பாத்தா, உங்கம்மா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறா. எனக்கு மட்டும் ரோஷம் இருக்காதா? அவளே வந்து பேசட்டும்.”

சீகா வந்து சொன்ன செருப்புக் கதையைக் கேட்டதும் அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. இருந்தாலும் நான்கு நாள் வீம்பு. முதலில் அவள் பேசட்டும் என்று அம்மாவும் சொல்லிவிட்டார்.

சீகா யோசித்தாள். சீகா வீட்டார் செரேர் இனம். அத்தை, மாடு மேய்க்கும் ஃபுலா இனம். இந்த இரண்டு இனத்தாரும் மாமன் மச்சான் போல எவ்வளவு வேண்டுமானாலும் கேலி பேசலாம். கோபித்துக்கொள்ளக் கூடாது. கேலிக்குப் பதில் கேலி சொல்லாமல் வாயை மூடிக்கொண்டால்தான் அவமானம்.

மறுபடி அத்தை வீட்டு முற்றத்துக்குப் போனாள். மதில் தாண்டிக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

“இந்த ஃபுலாக்காரங்க பாலாக் குடிச்சுக் குடிச்சு, சோறாக்கவே மறந்துட்டாங்களாம்.”

அத்தையின் உதடு துடித்தது. “யாரு சொல்றது? அடுத்த வீட்டுப் பானைய நம்பிப் பொழைக்கிற செரேர் பிள்ளையா?”

மதிலுக்கு அப்பால் பாத்திரச் சத்தம் நின்றது.

“பானை இருந்தா ஆச்சா?” அம்மாவின் குரல். “மாடு மேய்க்கிறவளுக்கு மீன்ல செதில் இருக்கும்னாவது தெரியுமா?”

“தெரியாமத்தானே உன்னப் பக்கத்துல வச்சிருக்கேன்.”

மதிலுக்கு மேல் அம்மாவின் தலை தெரிந்தது. யார் முதலில் சிரித்தது என்று சீகாவால் சொல்ல முடியவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்கு என்ன மீன் என்றுதான் அத்தை கேட்டார்.

வெள்ளி மதியம், பானையின் அடியில் முறுகிப் பிடித்த ருசியான சோற்றை இரண்டு பேரும் சுரண்டிச் சுரண்டி சீகாவின் பக்கமே தள்ளினார்கள். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.