ஜூலைக் குளிரில் ஒரு திருட்டு

செல்போன் அலறியது!

கம்பளிக்குள் சுருண்டு கிடந்த க்வம்போகா திடுக்கிட்டு எழுந்தாள். நைரோபியின் ஜூலை மாதக் குளிர் முகத்தில் அறைந்தது.

அமெரிக்க நம்பர்!

'ஸ்காலர்ஷிப் கிடைச்சுடுச்சு!' மனசு துள்ளியது. சொல்லிச் சந்தோஷப்படத்தான் அந்த ஒற்றை அறையில் யாருமில்லை.

"மிஸ் க்வம்போகா? சிகாகோ காலேஜ்லேர்ந்து புரொபசர் ஹாலோரன். உங்க விண்ணப்பத்துல அம்மாவோட சாவைப் பத்தி எழுதியிருந்தீங்களே..."

"ஆமா சார்!"

"அதை எங்கேர்ந்து திருடினீங்க?"

தலையில் இடி விழுந்தது.

"சார்...! செத்தது என் அம்மா! குளிருக்குக் கரியடுப்பை மூட்டி, கதவைச் சாத்திட்டுத் தூங்கினவங்க... எந்திரிக்கவே இல்லை. நான்தான் கதவை உடைச்சேன்!"

"போன வருஷம் எங்க மாணவி பெய்ஜ் இதே கட்டுரைக்கு முதல் மார்க் வாங்கினா. கரியடுப்புக்குப் பதிலா கேஸ் ஹீட்டர். மத்தது வரிக்கு வரி அதேதான்!"

விஷயம் புரிந்துவிட்டது.

முகம் தெரியாத அமெரிக்க மாணவர்களுக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்துத்தான் வயிறு கழுவுகிறாள் க்வம்போகா. போன வருடம் ஒரு தலைப்பு வந்தது. 'என் மிகப் பெரிய இழப்பு'. கற்பனை ஓடவில்லை. அம்மாவையே எழுதி விற்றுவிட்டாள், பாவி! விண்ணப்பத்துக்கும் அதே வரிகள்தான் வந்தன. அம்மா செத்தது ஒரே தடவைதானே?

"ஆனா ஒண்ணு இடிக்குது," என்றார் ஹாலோரன். "பெய்ஜ் கட்டுரையில 'ஜூலைக் குளிர்'னு வருது. ஜூலையில சிகாகோ வெயில் மண்டையைப் பிளக்கும்! உங்க ஊர்லதான் அப்பக் குளிர். எழுதினது யாரு?"

அமெரிக்காவுக்காக அடுப்பை மாற்றிய க்வம்போகா மாதத்தை மாற்றவில்லை! ஜூலையில் வெயிலடிக்கும் ஊரும் உண்டு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

'நான்' என்றால் கூலிக்கு எழுதுகிற மோசடிக்காரி. 'இல்லை' என்றால் திருடி. ஸ்காலர்ஷிப் எப்படியும் காலி!

இல்லை என்றால்... அம்மாவும் பெய்ஜுக்குப் போய்விடுவாள்.

"நான்தான் சார். காசுக்கு எழுதினேன். ஆனா அவங்க என் அம்மா."



"உண்மையைச் சொன்னதுக்கு நன்றிம்மா. ஆனா சீட் தர முடியாது. ஸாரி."

லைன் கட்!

அழுதாள். 'விடுடி' என்று சொல்லக்கூட ஆளில்லாமல் அழுதாள்.

மறுநாள் மறுபடி போன். கட்டுரை ஆர்டர் பிடித்துத் தரும் நியாகுண்டி.

"அக்கா, அவசரம்! சிகாகோவுல பெய்ஜ்னு ஒரு பொண்ணு மாட்டிக்கிச்சாம். தண்டனையா, 'படிப்பில் நேர்மை'ன்னு ஒரு கட்டுரை எழுதித் தரணுமாம்!"

"அதுக்கு?"

"போன தடவை எழுதின ஆளே வேணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. ரெட்டைக் கூலிக்கா!"

க்வம்போகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற ஆளைப் பாருடா... அந்தப் பாடத்துல நேத்துதான் நான் ஃபெயில் ஆனேன்!"