அணைக்க முடியாத ஸ்விட்ச்

விழுந்தார்!

வேலப்பன் விழுந்துவிட்டார்!

வேலிக் கம்பியைப் பிடித்த மாத்திரத்தில் உடம்பு ஒரு தடவை குலுங்கியது. முழங்கால் மடங்கியது. பூண்டுப் பாத்தியின் மேல் அப்படியே சரிந்தார். ஒரு கை மட்டும் இன்னும் கம்பியிலேயே இருந்தது.

அசைவில்லை...

இத்தனையும் நடந்தது கொடைக்கானல் மேல்மலையில், ஒரு கிராமத்துத் தோட்டத்தில். அதை மலைப்பாதையில் ஒரு மணி நேரத் தொலைவில், ஏரிக்கரைச் சாலையில் இருந்த ஒரு காட்டேஜ் புக்கிங் ஆபீஸில், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கம்ப்யூட்டர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான் ஜெயமுருகன்.

வேலப்பனின் கூடப்பிறந்த தம்பி!

அவன் விரல் இன்னும் மவுஸின் மேல்தான் இருந்தது.

"சார்... டீ!"

ஜெயமுருகன் படக்கென்று புக்கிங் பக்கத்தைத் திறந்து திரையை மறைத்தான். பக்கத்து சீட் பொன்னுவேல் கையில் கண்ணாடி டம்ளருடன் நின்றிருந்தான்.

"என்ன சார், வெளிய மேகம் எறங்கிக் கெடக்கு... உங்களுக்கு வேர்த்து ஊத்துது?"

"லேசா காய்ச்சல்யா. வச்சிட்டுப் போ."

"வெரசா குடிங்க. இந்தக் குளிருக்கு அஞ்சு நிமிஷத்துல ஜூஸ் ஆயிரும்!"

பொன்னுவேல் சிரித்துக்கொண்டே போனான். போகட்டும். நாளைக்குப் போலீஸ் கேட்டால், 'ஜெயமுருகன் சார் காலையிலருந்து சீட்டை விட்டு எந்திரிக்கவே இல்லைங்க' என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அதற்கு இவனை விட்டால் ஆள் கிடையாது.

எல்லாமே காட்டுமாட்டில்தான் ஆரம்பித்தது.

ராத்திரியில் காட்டுமாடு புகுந்து பூண்டை மிதித்துத் துவைத்துவிட்டுப் போகிறது என்று வேலப்பன் புலம்பியபோது, வழி சொன்னவன் ஜெயமுருகன்தான். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர். தோட்டத்தில் ஒரு கேமரா. வேலிக்கு ஒரு சோலார் பெட்டி. பெட்டியின் ஸ்விட்ச் கம்ப்யூட்டரின் கட்டுப்பாட்டில். அந்தக் கம்ப்யூட்டரை ஆபீஸிலிருந்தே திறந்து இயக்க ஒரு மென்பொருள்!

வேலப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏலே, என் தம்பி கொடைக்கானல்ல உக்காந்துக்கிட்டே இங்க மாடு வெரட்டுவான்லே!" என்று டீக்கடை டீக்கடையாகப் பெருமை அடித்தார்.

பாவம் மனுஷன்.

அந்தத் தோட்டத்தின் மேல் ஒரு ரிசார்ட்காரன் கண் வைத்திருந்ததும், தம்பி அவனிடம் வாக்குக் கொடுத்துவிட்டதும் அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்ததும் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"பூண்டு வெளையற மண்ணுல ஊரான் கக்கூஸ் கட்டணுமா? நான் உசுரோட இருக்கற வரைக்கும் நடக்காது தம்பி!"

சரி, உயிரோடு இருந்தால்தானே?

சோலார் வேலி உயிரை எடுக்காது. மாடு மிரண்டு ஓடும், அவ்வளவுதான். ஜெயமுருகன் போன வாரம் அந்தப் பெட்டிக்குள் வீட்டு மின்சாரத்தைக் கொண்டுபோய்க் கோர்த்துவிட்டான். அடுத்த நாளே ஆபீஸிலிருந்து ஒத்திகை பார்த்தான். வேலியோரம் படுத்திருந்த தோட்டத்து நாய் ஒரே ஊளையில் அடங்கியது. பாம்பு கடித்திருக்கும் என்று ஊர் பேசிக்கொண்டது.

தினமும் வெயில் ஏறியதும் வேலப்பன் வேலியைச் சுற்றி வருவார். பகலில் வேலி அணைந்திருக்கும் என்ற தைரியத்தில் கம்பியைக் கையால் இழுத்துப் பார்ப்பார்.

இன்றைக்கும் பார்த்தார்... ஜெயமுருகன் 'ஆன்' செய்தான்!

இனி பாக்கி ஒரே சோலிதான். அணைக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த ஒயரைக் கழற்றி எறிய வேண்டும். ஏற்கெனவே நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுகிற மனுஷன். மாரடைப்பு என்று ஊரே முடிவு கட்டிவிடும். 'கரண்ட்' என்ற சொல் யார் வாயிலும் வரக்கூடாது.

அவன் வாயில் வரவே கூடாது!

திரைக்குத் திரும்பினான். 'ஆஃப்' பட்டனை அழுத்தினான்.

நகரவில்லை. படம் உறைந்து நின்றது. மறுநிமிஷம் திரையின் நடுவே ஒரு சாம்பல் பெட்டி வந்து உட்கார்ந்தது.

'இணைப்பு துண்டிக்கப்பட்டது.'



மறுபடி இணைத்தான். சுற்றியது... சுற்றியது... இல்லை!

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது.

ரோகிணி. அவன் மனைவி.

"என்னங்க!" அலறினாள். "பெரிய மாமா வேலிகிட்ட விழுந்து கெடக்காருங்க! கூப்பிட்டா பேச்சு மூச்சைக் காணோம்!"

"என்னது? அண்ணனா!" பழகி வைத்திருந்த பதற்றம் பிசகாமல் வந்தது. "நெஞ்சுவலியாத்தான் இருக்கும் ரோகிணி. மாத்திரை போட்டாரா இல்லையா?"

"யாருக்குத் தெரியும்? நான் வாசல்ல நிக்கறேன். ராஜி அக்கா அவரைத் தூக்க ஓடறாங்க!"

ராஜகுமாரி. அண்ணன் மனைவி. தாய் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு போட்டு வளர்த்த மதினி. வாசலிலிருந்து வேலி வரைக்கும் படிப்படியாக இறங்கும் பாத்திகள். அவள் போய்ச் சேர ஒரு நிமிஷமாவது ஆகும்.

அதற்குள் இணைப்பு வந்துவிடும். வந்துவிட வேண்டும்!

வெறிபிடித்தவன்போல் மவுஸை அழுத்தினான். சுற்றியது... சுற்றியது...

'தொடாதீங்கன்னு சொல்லிருடா!' என்று மனசு அடித்துக்கொண்டது.

சொன்னால்? மெயினை அணைப்பார்கள். பெட்டியைத் திறப்பார்கள். கோர்த்து வைத்த ஒயர் பல்லைக் காட்டும்.

வாயை மூடிக்கொண்டான்.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்... இருக்கேன்."

"அக்கா ஒத்தை ஆளா அவரைப் புரட்டக்கூட முடியாதுங்க. நானும் போறேன். ரெண்டு பேருமாத் தூக்கிட்டு வந்துடறோம்!"



ரோகிணி! அவன் தாலி கட்டியவள். காலையில் அவன் கிளம்பும்போது மஃப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றிவிட்டவள்.

ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பாள்... தோட்டத்தில் இறங்கும்போது எப்போதும் போடுவாளே... ஒன்றும் ஆகாது... அதற்குள் இணைப்பு வந்துவிடும்...

"போகட்டுமாங்க?"

சுற்றியது... சுற்றியது...

"ம்..." என்றான் ஜெயமுருகன். "பாத்துப் போ."



மறுகணம் அவள் போட்ட கூச்சலில் அவன் காது அடைத்துப்போனது.

"ஐயோ, பாப்பா! தன்ஷிகா! நில்லுடி! என்னங்க, பாப்பா எனக்கு முன்னாடி ஓடிட்டா! பெரியப்பா, பெரியப்பான்னு வேலிகிட்ட..."

ஜெயமுருகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்!

"புடி அவளை! தொட விடாதடி! தொட விடாத!"

"ஏங்க? சோலார் வேலிதானே... பட்டாலும் ஊசி குத்தின மாதிரிதானே இருக்கும்?"

"சோலார் இல்லடி! வீட்டுக் கரண்ட்டு! நான்தான் கோர்த்துவிட்டிருக்கேன்! இப்ப நான்தான் ஆன் பண்ணேன்... அணைக்க முடியல! மெயினை அமத்து! அண்ணன் போய்ச் சேந்துட்டாருடி, பாப்பாவைப் புடி... பாப்பாவைப் புடி!"

மொத்த ஆபீஸும் திரும்பிப் பார்த்தது. பொன்னுவேலின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து, டீ அவன் பேண்டில் கொட்டியது. அவனுக்கு உறைக்கவில்லை.

"ரோகிணி! புடிச்சிட்டியா? சொல்லுடி! பாப்பா எங்கடி?"

"தாண்டிக்குடியில."

குரலில் அழுகை இல்லை. அலறல் இல்லை.

"எ... என்ன?"

"வெள்ளனே நீ கெளம்பிப் போனதும் பாப்பாவை எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன். இங்க யாரும் ஓடல. அக்காவும் ஓடல. நானும் ஓடல."



"நாய் செத்த அன்னைக்கு, பாப்பாவுக்குப் பாட்டுப் போடலாம்னு அணைஞ்சு கெடந்த ஸ்கிரீனைப் போட்டேன்" என்றாள் ரோகிணி. "மவுஸை யாரும் தொடல. ஆனா அம்புக்குறி தானா நகருது! பேயோன்னு நெனச்சேன். அது நேரா வேலி ஸ்விட்ச்சுக்குப் போச்சு. அமுக்குச்சு. வெளிய நாய் கத்துச்சு. மறுபடி அமுக்குச்சு. நாய் அடங்கிப் போச்சு. அப்பத்தான் வெளங்குச்சு... பேய் இல்ல, நீதான்னு."

ஆபீஸிலிருந்து அவன் செய்வதெல்லாம் வீட்டுத் திரையிலும் தெரியும். ஸ்கிரீனை அணைத்து வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தவன், அதை யாராவது போட்டுப் பார்க்கக்கூடும் என்று நினைக்கவில்லை.

"ரோகிணி... நான் சொல்றதைக் கேளு..."

"கேட்டுட்டேன். அக்கா போறாங்கன்னேன், நீ வாயைத் தொறக்கல. நான் போறேன்னேன்... பாத்துப் போன்னே." இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "உன் புள்ளைன்னதும்தான் உனக்கு வாய் வந்துச்சு. அதுவும் வராமப் போயிருந்தா நான் எங்க போயி முட்டிக்கறது?"

ஃபோன் கைமாறியது.

"சப்-இன்ஸ்பெக்டர் சண்முகசுந்தரி பேசறேன்" என்றது ஒரு பெண் குரல். "நெட்டைப் புடுங்கி விட்டது நாங்கதான். நீங்க இதுவரைக்கும் பேசினது பூராவும் ரெக்கார்ட் ஆயிருக்கு சார்."

"அண்ணன்... அண்ணன் விழுந்தாரே! நான் என் கண்ணால பாத்தேனே!"

"வேலியில கரண்ட்டே இல்ல சார். காலையிலயே லைன்மேன் ஒயரைக் கழட்டிட்டார். அதுல ஒரு பல்பைக் கோத்து, நீங்க ஆன் பண்ணா எரியற மாதிரி வாசல்ல தொங்க விட்டிருந்தோம். உங்க அண்ணன் கடைசி வரைக்கும் எங்களை நம்பல. 'என் தம்பி செய்ய மாட்டான், நான் கம்பியைப் புடிக்கறேன், பல்பு எரியுதான்னு பாருங்க'ன்னு சவால் விட்டுட்டுத்தான் போனார்."

"அப்ப... நடிச்சாரா?"

"நடிக்கணும்னுதான் சொல்லிக் குடுத்தோம். அதுக்குத் தேவையே இல்லாமப் போச்சு. பல்பு எரிஞ்சதைப் பாத்தார்... நெஜமாவே விழுந்துட்டார். இப்பத்தான் ரெண்டு பேராத் தூக்கிட்டு வந்து உக்கார வச்சிருக்கோம். உசுருக்கு ஒண்ணும் இல்ல. பேச்சுத்தான் வரல."

ஜெயமுருகன் கண்ணாடிக் கதவைப் பார்த்தான். மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு ஜீப் வந்து நின்றது. இரண்டு காக்கிச் சட்டைகள் இறங்கின.

"வந்துட்டாங்களா? போயி ஏறுங்க சார்" என்றாள் சண்முகசுந்தரி. "கொலையைக்கூட உக்காந்த எடத்துலருந்தே முடிக்கிற ஆளு நீங்க. ஆனா ஜெயிலுக்கு மட்டும் நேர்லதான் வரணும்... அதுக்கு இன்னும் ஆன்லைன் வரல!"