மோட்டார் தலைவர் கையில்

மனிதன் கருவிகளை ஆளப் பிறந்தவன். எந்தக் கருவியும் ஒருநாளும் அவனை ஆளாது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளி ஆண்டு விழாவில், போர்த்திய சால்வையைச் சரிசெய்தபடி இப்படி முழங்கியவர் பாசன சங்கத் தலைவர் நடராசன். முழங்கிவிட்டு மேடையை விட்டு இறங்கியதும், சட்டைப் பைக்குள் டார்ச் எரிந்துகொண்டே இருக்கிறது, இதை எப்படி அணைப்பது என்று முன்வரிசை டீச்சரிடம் போனை நீட்டினார்.

அந்தப் போன்தான் இப்போது சுட்டது.

யாரும் தொடவில்லை. மனைவி ஆனந்தவல்லி சீர்காழிக்கு வளைகாப்புக்குப் போய்விட்டாள். ஆளில்லாத வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடி ஓடி நிற்கும் முனகலும், மூடாத குழாயின் சொட்டும், பின்கட்டில் சாக்கோடு ஊறவைத்த விதைநெல்லின் புளித்த வாடையும் மட்டுமே இருந்தன. நடராசன் தூங்கி எழுந்து, நாற்காலிமேல் கிடந்த போனை எடுத்தபோது, அது காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது. வெயில், என்று சொல்லிக்கொண்டார். நாற்காலி நிழலில் கிடந்தது.

போன் கடை பிரபு அவரிடம் முன்பே சொல்லியிருந்தான். இந்த மாடலுக்குக் கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்டது, சாஃப்ட்வேரில் ஓட்டை இருக்கிறது, அடைக்க ஆளில்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று. வரட்டுமே, வந்தவருக்கு மோர் கொடுத்து அனுப்பலாம் என்று நடராசன் சிரித்தார். போன வாரம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பத்திரிகை வந்தால் பிரித்துப் பார்க்காமல் இருப்பது மரியாதை இல்லை. தொட்டார். ஏதேதோ அனுமதி கேட்டது; எல்லாவற்றுக்கும் சரி கொடுத்தார். பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை, வெறும் வெள்ளைத் திரை. ஆனாலும் ‘மணமக்கள் பல்லாண்டு வாழ்க’ என்று பதில் போட்டுவிட்டுத்தான் படுத்தார்.

இன்று அந்தப் போனை நம்பி ஒருவர் வயரில் கை வைத்திருந்தார்.

நடராசனின் நிலத்தைக் குத்தகைக்குச் செய்யும் முருகையன் அவர். போர்வெல் மோட்டாரின் வயரை எலி கடித்துவிட்டது. மூன்று முனைக் கரண்டு வரும் நேரம், நாற்றங்கால் காய்கிறது. கம்பத்து ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஒட்டுப் போடுகிறேன் என்று மத்தியானம் வாசலில் வந்து நின்றார். நடராசன் வேண்டாம் என்றார். போனில் தொட்டால் ஓடி, தொட்டால் நிற்கிற மோட்டாருக்கு ஃபியூஸ் எதற்கு? உண்மையில், ஃபியூஸைப் பிடுங்கினால் மோட்டாரைப் போனோடு இணைக்கும் கொட்டகைப் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுபடி இணைக்கப் பிரபு வர வேண்டும். இணைத்தது தான்தான் என்று நடராசன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “முருகையா, மோட்டார் ஆஃப்லதான் இருக்கு. என் கையில இருக்கு. தைரியமா கை வை.”

“உங்க கையில இருக்குறது போனுங்க தலைவரே. வயர்ல இருக்கப்போறது என் கை. பாத்துக்கங்க.”

இப்போது திரை தானாக எரிந்தது.

முதலில் நடராசனின் முகம் தெரிந்தது. தலை கலைந்து, வாய் சற்றுத் திறந்த, கீழிருந்து தெரிகிற முகம். கேமராவை அவர் திறக்கவில்லை. முகம் சிறிது நேரம் அவரையே பார்த்தது. பிறகு யாரோ பக்கத்தைத் தள்ளுவதுபோல ஒதுங்கியது. விரல் இல்லாமல் பொத்தான்கள் அமுங்கின. படங்கள் நகர்ந்தன. எதையோ தேடும் கை. அவசரமில்லாத கை. நடராசன் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினார். அணையவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். போன் இன்னும் சூடாயிற்று.

மோட்டாரை இயக்கும் ஆப் திறந்தது. அங்கே சற்று நின்றது. அதை விட்டுவிட்டுத் தொடர்பு எண்களுக்குப் போனது.

முருகையனுக்கு மணி அடித்தது.

“சொல்லுங்க தலைவரே. முறுக்கிட்டேன். டேப்பு சுத்தணும், அவ்ளோதான்.”

“முருகையா,” என்று கத்த நடராசன் வாயைத் திறந்தார். அதற்குள் போனிலிருந்து ஒரு செருமல் வந்தது. அவருடைய செருமல்.

“முருகையா, மோட்டார் ஆஃப்லதான் இருக்கு. என் கையில இருக்கு. தைரியமா கை வை.”

மத்தியானத்து வார்த்தைகள். அதே பெருமிதம். பின்னணியில், அப்போது வாசலில் கரைந்த அதே காக்கை.

“அதான் அப்பவே சொன்னீங்களே,” என்று முருகையன் சிரித்தார்.

கையை எடு, எடு என்று நடராசன் அலறினார். திரையில் மைக் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு. அவர் குரல் வீட்டைத் தாண்டவில்லை. போனைப் பிடித்தபடி பின்கட்டுக்கு ஓடினார். சாக்கில் இடறினார். கொல்லைப்படலைத் தள்ளினார்.

வாய்க்காலுக்கு அப்பால் கொட்டகை. அதன் வாசலில், சேற்றில், வெறுங்காலோடு குந்தியிருந்த உருவம். கண்ணுக்கு எட்டும். குரலுக்கு எட்டாது. எதிர்க்காற்று வேறு. நடராசன் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். குதித்தார்.

முருகையன் பார்த்தார். அவரும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். சரிங்க என்பதுபோல.

குனிந்தார்.

போன் நடராசனின் உள்ளங்கையில் ஒருமுறை அதிர்ந்தது. மோட்டார் ஆப் மறுபடி திறந்தது. சிவப்பு வட்டம் பச்சையானது.

வயலைத் தாண்டி உறுமல் வந்தது. குழாய் இருமியது. தண்ணீர் கொட்டியது. அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. அதே தண்ணீர் போனுக்குள்ளும் கொட்டியது, மிக அருகில். அதனடியில் பல் கிட்டித்த மாதிரி ஒரு சத்தம். நிற்காமல்.

முருகையன் குனிந்தபடியே இருந்தார். கையை எடுக்கவில்லை.

நடராசன் பச்சை வட்டத்தை அழுத்தினார். குத்தினார். திரை வெளுத்து, நடுவில் ஒரு கட்டம் வந்தது. நிறுத்துவதற்குக் கடவுச்சொல்லைக் கேட்டது.

அதைப் போட்டு வைத்தது பிரபு. நடராசனுக்குத் தெரியாது.