அலகு முகமூடி சொன்ன நோய்

ஜெனோவா நகரச் சுகாதார விசாரணை அதிகாரி பந்தலேயோவின் அறைக்குள் அந்தப் பெண் நுழைந்ததும், எழுத்தர் காஸ்பரே நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். கொள்ளைநோய்க் காப்பகத்தில் நாற்பது நாள் கிடந்துவிட்டு வந்தவள் அவள்.

"பயப்படாதீங்க. எனக்கு ஒருநாள்கூட காய்ச்சல் வரல," என்றாள் ஒர்த்தென்சியா. "நல்லா இருந்தவளை நோயாளின்னு அனுப்பிட்டார் மெரெல்லோ வைத்தியர். அவர்மேல புகார் கொடுக்கணும்."

"முகத்தைப் பார்த்தீங்களாம்மா?" என்றார் பந்தலேயோ.

"பறவை அலகு முகமூடிக்குள்ள முகம் எங்கய்யா தெரியும்? அங்கியோட தோள்ல சிவப்பு ஒட்டு இருந்துச்சு. அது மெரெல்லோவோடதுதான். நோய் ஒட்டாம இருக்க வைத்தியர்களோட அங்கிக்கெல்லாம் மெழுகு பூசறதே என் வீட்டுக்காரர் ஒபெர்த்தோதானே!"

"வந்தவர் பேசினதை ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

"கிசுகிசுன்னு, 'உள்ளே வெங்காயம் கருகுது, இறக்கு'ன்னார். அப்புறம் வாசல்லயே கோலால கழுத்தைத் தொட்டு, 'கட்டி இருக்கு'ன்னார். வண்டி தயாரா நின்னுச்சு."

காஸ்பரே துள்ளி எழுந்தான். "மெரெல்லோவைப் பிடிச்சு உள்ளே போட்டுடலாமா?"

"உக்காருப்பா. கெட்ட காற்று மூக்குல ஏறக்கூடாதுன்னு அலகு நிறைய கற்பூரமும் புதினாவும் திணிச்சிருப்பாங்க. காலடியில செத்த எலி நாறினாலும் தெரியாது. உள்ளறையில வெங்காயம் கருகுறது எப்படித் தெரிஞ்சுது?"

"அப்போ அலகு காலி!"

"நோய் வீட்டுக்குக் காலி அலகோட எவன் வருவான்? அங்கே நோயே இல்லைன்னு தெரிஞ்சவன்தான்." பந்தலேயோ அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "மெழுகு பூச அங்கியையும் முகமூடியையும் கொடுக்கும்போது அலகுல இருக்கிற மூலிகையை எடுத்துடுவாங்க, இல்லையாம்மா? அன்னிக்கு அந்த அங்கி எங்கே இருந்தது?"

அவள், "எங்க பட்டறையில" என்றாள்.

மதியத்துக்குள் ஒபெர்த்தோவைக் கூட்டிவந்தார்கள். முதலில் தான் அல்ல என்று சத்தியம் செய்தான். மனைவி போன மூன்றாம் வாரமே மறுமணத்துக்கு அவன் நாள் கேட்டதைப் பங்குச் சாமியார் வந்து சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"அங்கே போனவங்க யாரும் திரும்பினதில்லையேன்னு..." என்று முனகினான்.

ஒர்த்தென்சியா அழவில்லை. அவன் எதிரே போய் நின்றாள். திருமணமான நாள் முதல் 'நீங்க' என்றே அழைத்து வந்தவள் அவள்.

"என் பக்கத்துல படுத்திருந்த பதினோரு பேரும் செத்தாங்க. அவ்வளவு பிணத்துக்கு நடுவுல நான் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? இந்த நோய் உன்னைத் தொடக்கூடாதுன்னுடா!"