திமோர்க் கடலின் மேல் ஒரு வாக்குமூலம்

“பாதி வழித் திலகவதி வந்துட்டாங்க, வழி விடுங்க” என்று கோவை விமான மன்றத்தில் எவரோ சொல்ல, கூடியிருந்தோர் சிரித்தார்கள். திலகவதி சிரிக்கவில்லை. தன் கையாலேயே கட்டிய சிறு விமானத்தின் கதவைத் திறந்து, “ஏறுங்க அண்ணி” என்றாள்.

அந்தப் பட்டத்தைச் சூட்டியவன் அதே மன்றத்து விமானி குமரகுரு. சென்ற ஆண்டு அவனும் திலகவதியும் அவனுடைய விமானத்தில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்குப் புறப்பட்டார்கள். கடைசிக் கடலைத் தாண்டுமுன், இந்தோனேசியாவின் குபாங் நிலையத்தில், அவள் அனுமதி முத்திரைக்காக அலுவலகத்துக்குள் சென்ற வேளையில் அவன் தனியே பறந்துவிட்டான். ஊர் திரும்பி, கடலைக் கண்டு அவள் பயந்து நின்றுவிட்டதாகச் சொல்லி மாலையும் வாங்கிக்கொண்டான். அவள் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. இந்த ஆண்டு மன்றம் இரண்டு விமானங்களை அனுப்பியது: ஒன்று அவனுடையது, மற்றொன்று அவளுடையது.

“டார்வினைப் பாக்கோணும்னு நான் போகலீங்க அண்ணி. அந்தப் பொய்யை அவன் வாயாலயே துப்ப வைக்கோணும்.”

அண்ணி மரகதவல்லி மடியில் வரைபடத்தை விரித்தாள். “சரி, அதுக்கு முன்னாடி போர்ட் பிளேர் எந்தப் பக்கம்னு பாக்கலாமா?”

வங்கக் கடலைக் கடந்தார்கள். பினாங்கில் மழை அறைந்தது. பாலியில் பக்கக் காற்று விமானத்தைப் புரட்டப் பார்த்தது. இறங்கிய இடமெல்லாம் குமரகுரு முன்னதாக வந்து நின்று, “என்ன திலகா, இங்கயே இருந்துக்கறயா?” என்று கேட்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எரிபொருள் நிரப்பினாள்.

குபாங். கடல் தாண்டும்போதெல்லாம் தன் விமானத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவது குமரகுருவின் வழக்கம். மழை துரத்திக்கொண்டு வந்ததால் அன்று அவசரமாக அப்பினான். விமானத்தின் விலாவில் ஊசித்துளை போன்றதொரு துவாரம் உண்டு. வெளிக்காற்று அதன் வழியே புகுந்தால்தான் உயரமானி உயரத்தைக் காட்டும். கெட்டியான சந்தனப் பொட்டு ஒன்று அதன்மீதே அமர்ந்திருந்ததைத் திலகவதி கண்டாள்.

கூண்டின் பூட்டு தானே திறந்துகொண்டால் புலி உடனே பாய்வதில்லை. கண்ணை மூடிப் படுத்திருக்கும். திலகவதியும் அவனிடம் சொல்லாமல் தன் விமானத்தில் ஏறினாள்.

நடுக்கடலை நெருங்கும்போது வானொலி கரகரத்தது. “திலகா, என்ற உயரமானி தரையிலயே நிக்குது. கடல் தெரிஞ்ச வரைக்கும் சமாளிச்சேன், இப்ப சுத்தியும் மேகம். கடல் எவ்வளவு கீழ இருக்குதுன்னு தெரியலே. குபாங்லயும் மழை மூடிருச்சாம்.”

“அதைச் சரி பண்ண உனக்கு வழி தெரியுமா?” என்றாள் அண்ணி.

“தெரியுமுங்க. அவன் முதல்ல பேசட்டும்.” திலகவதி ஒலிவாங்கியை அழுத்தினாள். “குமரகுரு, டார்வின் போற மத்த விமானக்காரங்களும் இதைக் கேட்டுட்டிருக்காங்க. போன வருசம் குபாங்ல நடந்ததை அவங்களுக்குப் புரியற இங்கிலீஷ்ல சொல்லு. அப்புறம் நான் சொல்றேன்.”

“சாகக் கெடக்கறேன், இப்பவா கேக்கறே?”

“சுருக்கமாவே சொல்லு.”

அவன் சொன்னான். அவள் பயப்படவில்லை என்றும், புகழைப் பங்கிட மனமின்றித் தானே விட்டுவந்ததாகவும், ஊரில் சொன்னது பொய்யென்றும் தடுமாறித் தடுமாறிச் சொன்னான். அண்ணியின் நகங்கள் திலகவதியின் கையில் பதிந்தன.

“ஏற்ற இறக்கம் காட்டற கருவியோட கண்ணாடியை உடை. ரெண்டுக்கும் ஒரே குழாய்தான், உள்காத்து அது வழியா போகும். உயரமானியும் வேலை செய்யும்.”

ஏதோ நொறுங்கும் ஓசை. திலகவதி வானொலியின் ஒலியைக் கூட்டினாள்.

“இருநூறு அடி,” என்றது அவன் குரல், மிக மெல்ல. “பேசிட்டே எறங்கிட்டு இருந்திருக்கறேன். இப்ப ஏத்திட்டேன்.”

டார்வினில் திலகவதியே முதலில் இறங்கினாள். பின்னால் வந்த குமரகுரு தன் விமானத்தைச் சுற்றிப் பார்த்து, துளையை அடைத்த சந்தனத்தைச் சுரண்டிவிட்டு அவளிடம் வந்தான். “காலைல என்ற விமானத்துப் பக்கம் நின்னியே. அப்பவே பாத்துட்டயா?”

“பாத்தேன்.”

“அப்ப நீயும் என்னையாட்டத்தான், ரெண்டு பேரும் ஒரே ஊர்தான்” என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான்.

வானொலியில் கேட்டவர்கள் சொன்னது முன்பே எட்டியிருந்ததால், கோவையில் மாலை அவளுக்கு விழுந்தது. பழைய பட்டம் அன்றோடு ஒழிந்தது. கைதட்டலுக்கு நடுவே அண்ணி அவள் காதருகே குனிந்தாள். “இன்னும் நாலு வார்த்தை அவனைப் பேச விட்டிருந்தீன்னா, இந்த மாலையை வேற எங்கயோ போட்டிருப்போம்.”

தனக்குரிய உண்மையைக் கேட்டுப் பெறுவது நியாயம். அதைக் கேட்கும் நேரத்தில் எதிராளி எத்தனை அடி உயரத்தில் இருக்கிறான் என்று பார்த்துக்கொள்வதும் நியாயத்தில் சேர்ந்ததே. திலகவதி மாலையைக் கழற்றவில்லை; கைதட்டல் அடங்கும்வரை தலைகுனிந்தே நின்றாள்.